அலமாரியில் அயோடின் மாத்திரை

"நேர்ல பாத்திருக்கியாடி நீ? புக்குல படிச்சத அப்படியே ஒப்பிக்கிற."

வகுப்பு முழுவதும் கேட்கும்படி என் தோழி சொன்னாள். எம்.எஸ்சி. இயற்பியலில் எனக்குப் பக்கத்து இருக்கை அவளுக்கு. நாளைய மின்சாரத்துக்கு அணு உலை வேண்டுமா வேண்டாமா என்று அன்று விவாதம். நன்றாகப் பேசும் ஒருவரைச் சென்னையில் நடக்கும் போட்டிக்கு அனுப்புவதாகப் பேராசிரியை சொல்லியிருந்தார். அந்த இடம் எனக்கு வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். மேடையில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை அம்மா ஒருமுறை கேட்க வேண்டும்.

அணு உலை வேண்டும் என்று பேசினேன். நிலக்கரிப் புகை, வெயில் இல்லாதபோது சும்மா கிடக்கும் சூரியத் தகடுகள் எல்லாம் சொன்னேன். ஒரு பிழை இல்லை. அதன் பிறகுதான் அவளுடைய அந்தக் கேள்வி.

அவள் பார்த்திருக்கிறாள். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. பிரான்சில் அவள் மாமா வீட்டு மாடியில் நின்றால் அணு உலையின் வெள்ளை ஆவி தெரியுமாம். விபத்து நடந்தால் கதிர்வீச்சு தைராய்டைத் தாக்காமலிருக்கப் போட்டுக்கொள்ள அரசே அயோடின் மாத்திரை கொடுத்திருக்கிறதாம். அத்தை அதைச் சமையலறை அலமாரியில் காபித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாராம்.

"பயம் இல்லன்னா மாத்திர எதுக்கு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். இடம் அவளுக்குப் போனது.

நெல்லித்தோப்பு வீட்டுக்கு பஸ்ஸில் வரும்போது பொறாமையாக இருந்தது. அவள் குடியுரிமை மேல், அந்த மாடி மேல், அணு உலையைப் பக்கத்துத் தெரு ரைஸ்மில் போலப் பேசும் குரல் மேல், கடைசியில் அந்த மாத்திரை மேலும்கூட. வாரக்கணக்கில் படித்ததை ஒரு காபித்தூள் டப்பா தோற்கடித்துவிட்டது.

அப்பாவுக்கு எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனியில் வேலை. கரண்ட் போனால் உருகிய பிளாஸ்டிக் மெஷினுக்குள்ளேயே இறுகிவிடும். சுரண்டி எடுப்பதற்குள் ஷிஃப்ட் முடிந்துவிடும். அவர் என் பக்கம்தான் இருப்பார் என்று நம்பி எல்லாவற்றையும் சொன்னேன்.

"மாத்திர குடுக்கறானா? பரவால்லயே. நாங்க கையுறை கேட்டாலே மொறைக்கிறான்" என்றார். சோற்றைப் பிசைந்தபடியே, "ஏம்மா, நம்ம கல்பாக்கத்துல சுத்தி இருக்கறவங்களுக்குக் குடுத்திருக்காங்களா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. சென்னை போகும் வழியிலேயே அணு உலை இருக்கிற ஊர். பிரான்சும் ஜப்பானும் வந்த என் பேச்சில் அதன் பெயர் வரவில்லை. அவள் பேச்சிலும் வரவில்லை என்பது நினைவுக்கு வந்ததும் மனம் குளிர்ந்தது. அந்தக் கேள்வியை அவளிடம் சொல்லியிருந்தால் சென்னையில் அதையும் பேசிக் கைதட்டல் வாங்கியிருப்பாள். நான் சொல்லவில்லை.

சொல்லாமலே அவள் பரிசு வாங்கினாள். வகுப்பு வாட்ஸப் குழுவில் படம் வந்தது. நானும் கைதட்டுகிற பொம்மை ஒன்று போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் பேராசிரியையிடம் போனேன். கல்பாக்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கதிர்வீச்சை அளப்பது, விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அங்குள்ளவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா எனக் கேட்பது, இதுதான் என் ப்ராஜெக்ட் என்றேன். ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அனுமதி கொடுத்தார். போன சனிக்கிழமை அவளிடம் சொல்லாமல் தனியாக ஈ.சி.ஆர். பஸ் ஏறி, முதல் ஊரில் நாலைந்து வீடுகளில் பேசிவிட்டு வந்தும்விட்டேன்.