சும்மா இருந்ததில் பாதி

காஜா பேராங்கில் எங்கள் வீட்டு வாசலில் விடியுமுன்பே பெரியப்பாவின் கட்டைச் செருப்புச் சத்தம் கேட்கும். வெளிக் கேட் வரை போவார், திரும்புவார், மறுபடி போவார். குட்டி போட்ட பூனை அவரிடம் தோற்றுவிடும். வேலை மிகுந்து அலைந்தவர் இல்லை அவர், வேலையில்லாமல் அலைந்தார். அப்படிச் சும்மா இருக்க வெள்ளைக்காரன் சர்க்கார் காசுக்கும் வழி செய்திருந்தது.

அது ரப்பர் கூப்பன் காலம். விலை விழாமல் இருக்க, ரப்பரைக் கண்டபடி விற்கக் கூடாது என்று சட்டம் வந்தது. மரம் வைத்திருப்பவருக்கு, இவ்வளவு விற்கலாம் என்று கூப்பன் தருவார்கள். அந்தக் கூப்பனையே, தன் அளவுக்கு மேலும் ரப்பர் விற்க நினைக்கும் டவுன் சீன முதலாளி, தவுக்கேயிடம் விற்றுவிட்டால் மரத்தில் பால் வெட்டாமலே பணம். புக்கிட் பாருவில் துண்டுத் தோட்டம் வைத்திருந்த பெரியப்பாவும் அப்படியே விற்றார். உடம்பு நோகாத சம்பாத்தியம் யாருக்குக் கசக்கும்? அவருக்குக் கசந்தது, அங்கே பால் வெட்டிய, நாங்கள் அக்கா என்று கூப்பிட்ட கூலிக்காரப் பெண்ணால்.

அக்கா புருஷனை இழந்தவள், இரண்டு பிள்ளைகள். நாள்கூலிக்கு வெட்டியவள் அல்ல, ரப்பர் விற்ற காசில் ஆளுக்குப் பாதி என்று பேசி வெட்டியவள். இனி வெட்ட வேண்டாம் என்று பெரியப்பா சொன்ன அன்றே அவள் வீட்டு அரிசிக்கு வழி அடைபட்டுப்போனது. மத்தியானங்களில் செமாபோக் பக்கத்து வீடுகளில் துணி துவைத்து அரைவயிறு கழுவினாள். பெரியப்பா பொல்லாதவர் இல்லை. இதை அவர் யோசித்தே பார்க்கவில்லை என்பதில்தான் எனக்கு இன்றும் ஆத்திரம்.

அவள் சண்டைக்கு வரவில்லை. மறுநாளும் விடியலில் தோட்டத்துக்குப் போனாள். இடுப்பில் இருந்த கத்தியை எடுக்காமல் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தாள். பால் எடுக்கும் நேரம்வரை இருந்துவிட்டுத்தான் எழுந்தாள். தினமும் இதே கதை. பெரியப்பா சைக்கிளில் போய், "இங்க என்னம்மா பண்றே?" என்று கேட்டார்.

"சும்மா இருக்கேன் அண்ணே. சும்மா இருக்கறதுக்குத்தானே உங்களுக்குக் காசு வருது? என் பாதிக்கு நான் இருக்கேன்."

இதை எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பாதிச் சோற்றில் கை கழுவினார். அப்புறம் தொடங்கியதுதான் அந்த நடை. "குடுத்துட்டுத் தூங்குங்களேன்" என்றார் பெரியம்மா. "நிலம் என் பேர்ல இருக்கு. சர்க்காரே எனக்குத்தான்னு சொல்லுது" என்று கத்தினார் பெரியப்பா. சர்க்கார் சொன்னது நிஜம்தான். நிலத்தின் பேரில் வருகிற பணம், அந்த நிலத்தில் உழைத்தவர் யார் என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை. இன்றும் வானொலியில் மானியம் என்று காதில் விழுந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

ஒருநாள் கனத்த மழை. மழையில் யாரும் பால் வெட்டமாட்டார்கள். இன்றாவது அந்த மரத்தடி காலியாக இருக்கும் என்று பார்க்கக் கிளம்பினார்; குடையோடு நானும் போனேன். முந்தின நாள் கூப்பன் விற்ற பணம் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. அக்கா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்து நடுங்கியது.

"மழையில ஏம்மா? வீட்டுக்குப் போ."

"மழைன்னா பால்தான் வராது அண்ணே. கூப்பனுக்கு ஏது மழை?"

பெரியப்பா சட்டைப் பைக்குள் கையை விட்டார். இருந்ததை அப்படியே எடுத்து நீட்டினார். அவள் சாக்கின் மறைவில் நனையாமல் அதைப் பிரித்து, பாதியை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள். சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அடுத்த கூப்பன் வந்தா சொல்லி அனுப்புங்க. இனிமே எங்க வீட்டுலேயே சும்மா இருந்துக்கறேன்."