தகப்பன்மார்களே!

ஊசிக்காரம்மா என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. இருபத்தாறு வருடமாகத் தோளில் பையோடு வீடு வீடாகப் படியேறிக் குடும்பக் கட்டுப்பாடு பேசும் செவிலி. அவள் தலையைக் கண்டதும் ஆண்கள் பின்வாசல் வழியாக நழுவுவார்கள். "அது பொம்பளைங்க சமாச்சாரம், அவகிட்டயே பேசிக்குங்க" என்று குரல் மட்டும் வரும். குழந்தை பிறந்துவிட்டால் அதே ஆசாமிகள் மீசையை முறுக்கிக்கொண்டு "என் பிள்ளை" என்பார்கள். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வராமல் என்ன செய்யும்?

அப்படியிருக்க, டிவிக்காரர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் கிரிக்கெட் மேட்ச் தொடங்குமுன் பத்து நிமிட நேரலை. ஆண்கள் அத்தனை பேரும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நேரம்! ஆனால் தயாரிப்பாளர் நீட்டிய தாளில் முதல் வரியே "அன்பான தாய்மார்களே" என்று இருந்தது.

"தகப்பன்மார்களேன்னு மாத்துங்க சார்."

"அய்யோ, வேணாம்மா. ஆம்பளைங்க சேனலை மாத்திடுவாங்க. எழுதினதைப் படிங்க, போதும்."

மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். நான்காவது வாரம் இஸ்திரிக்கடைப் பெண் வந்தாள். நான்கு பெற்றவள், இதயத்தில் கோளாறு. இன்னொரு பிரசவம் வந்தால் உயிருக்கே ஆபத்து, கருத்தடை அறுவை சிகிச்சையையும் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புருஷன்தான் செய்துகொள்ள வேண்டும். அவன் பெயின்டர்.

"கத்தின்னா தலை சுத்துதாம்க்கா. அப்புறம் தெம்பு போயி ஏணியே ஏற முடியாதாம்" என்று சொல்லி அழுதாள்.

மூன்று மாடிக்குச் சாரம் கட்டித் தொங்குகிறவனுக்குத் தலை சுற்றுகிறதாம்!

அந்த ஞாயிறு, கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"தகப்பன்மார்களே! எழுந்திரிக்காதீங்க, உங்களைத்தான் சொல்றேன். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆம்பளைக்குப் பதினஞ்சு நிமிஷ வேலை. ஒரு வாரம் கனம் தூக்காதீங்க. மூணு மாசம் கழிச்சு ஒரு பரிசோதனை, அதுவரைக்கும் ஜாக்கிரதையா இருங்க. அவ்வளவுதான். தெம்பும் போகாது, ஆம்பளைத்தனமும் போகாது. தாராளமா ஏணி ஏறலாம்."

கண்ணாடிக்குப் பின்னால் தயாரிப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். வெளியே வந்தவளிடம், "அடுத்த வாரத்துலேருந்து வர வேணாம்மா" என்றார்.

மறுநாள் காலை பெயின்டர் சுகாதார நிலையத்துக்குள் புயலாக நுழைந்தான்.

"ஏணின்னு சொல்லி மானத்தை வாங்கிட்டீங்களே! தெருவே என்னை 'தகப்பன்மாரே'ன்னு கூப்பிடுது. ஊருக்கு உபதேசம் பண்றீங்களே, உங்க வீட்டுக்காரரு பண்ணிக்கிட்டாரா?"

வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஊசிக்காரம்மா பேனாவை மேஜைமேல் வீசிவிட்டு எழுந்தாள்.

"இல்ல. ரெண்டாவது பொறந்தப்போ டாக்டர் அவரைக் கேட்டாங்க. அவசர வேலைன்னு கிளம்பிட்டாரு. நான்தான் போய்ப் படுத்தேன். தையல்ல சீழ் பிடிச்சு நாப்பது நாள் கிடந்தேன். அந்த ஆத்திரத்துலதான் இந்த வேலைக்கே வந்தேன். ஆனா ஒண்ணு கேளு. அவரு ஓடினப்போ படுக்கறதுக்கு நான் இருந்தேன். நீ ஓடினா படுக்கறதுக்கு யாரு இருக்கா? உன் பொண்டாட்டி பொணமாத்தான் படுப்பா."

பெயின்டர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டான். பிறகு, "பதினஞ்சு நிமிஷம்தானே?" என்று கேட்டுவிட்டுப் பெண்களுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்தான். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. இஸ்திரிக்கடைப் பெண் ஊசிக்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

வேலை ஜெயித்தது, கோபம் மட்டும் இறங்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால், கணவர் டிவி முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"நேத்து சும்மா வெளுத்து வாங்கிட்டே. இப்படிச் சொன்னாத்தான் இந்த ஆம்பளைங்களுக்கு உறைக்கும்" என்றார் பெருமையாக.

அவள் போய் டிவியை அணைத்தாள்.

"உங்களுக்கு உறைச்சுதா?"

அவர் ரிமோட்டைத் தேட ஆரம்பித்தார்.