துரை மேல் போட்ட கேஸ்

போன செவ்வாய்க்கிழமை நான் இறந்துபோனேன்.

பயப்படாதீர்கள். தபாலில்தான். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. 'காலஞ்சென்ற திருமதி...' என்று ஆரம்பித்து, குடும்பத்தாருக்கு ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்திருந்தார்கள். பெயர் என்னுடையது. விலாசமும் என்னுடையது. என் கணவர் நிதானமாக வாசித்துவிட்டு, "பரவாயில்லையே, நல்ல மரியாதையா எழுதியிருக்காங்க" என்றார். அவருக்கு எப்போதும் என் மேல் அப்படியொரு பாசம்!

மறுநாள் கேகாலையில் இருக்கும் அந்தக் கம்பெனி ஆபீசுக்குப் பஸ் ஏறினேன். கவுண்டரில் இருந்த அதிகாரியிடம் கடிதத்தை நீட்டி, "இதுல செத்துப்போனது நான்தான்" என்றேன். அவர் கடிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கொஞ்சமும் அசரவில்லை.

"கம்ப்யூட்டர்ல பிழை மிஸ்."

முடிந்தது கதை! நம் நாட்டில் பிழை செய்பவர்கள் யார் யார் என்று கவனித்திருக்கிறீர்களா? கம்ப்யூட்டர். தபால்காரர். இதற்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் இன்னொரு ஆள் இருந்தார் — டைப்பிஸ்ட். எந்த ஆபீசில் எது தவறிப்போனாலும் 'டைப்பிஸ்ட் விட்ட பிழை'.

நான் டைப்பிஸ்டாக இருந்தவள். அதனால்தான் எனக்கு அன்றைக்கு அவ்வளவு கோபம் வந்தது. கோபத்தோடு கூடவே ஒரு மனிதரின் நினைவும் வந்தது.

அரசாங்கத்திடமிருந்து தோட்டங்களைக் கம்பெனிகள் எடுத்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த நேரம் அது. கேகாலையில் ஒரு லோயரின் ஆபீசில் எனக்கு வேலை. அவர் சிங்களவர், தமிழ் தெரியாது. தோட்டத்து ஆட்கள் வந்தால் அவர்கள் சொல்வதைத் தமிழில் கேட்டு, சிங்களத்தில் டைப் அடித்து அவர் மேசையில் வைப்பது என் பொறுப்பு. நாங்கள் எல்லோரும் அவரை 'சேர்' என்போம்.

சனிக்கிழமைகளில் ஒரு ஸ்கூல் மண்டபத்தில் வர்த்தகச் சட்டம் படித்தேன். ஏஜென்சி, பங்குடைமை, கம்பெனி — மூன்று பாகம். ஒருமுறை பரீட்சை எழுதி ஃபெயில். ஏன் ஆகாது? விரிவுரையாளரின் உதாரணங்கள் எல்லாம் இப்படித்தான் இருக்கும்: 'A என்பவர் B என்பவரைத் தமது ஏஜென்டாக நியமிக்கிறார். B, C உடன் ஒப்பந்தம் செய்கிறார்.' யார் இந்த A? எங்கே குடியிருக்கிறார்? B-க்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? எதுவும் தெரியாது. நானும் மூன்று எழுத்துகளையும் மனப்பாடம் செய்துகொண்டு, பரீட்சையில் ஆளை மாற்றி மாற்றி எழுதிவிட்டு வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பாக்கியம் அக்கா ஆபீசுக்கு வந்தார். புளத்கொகுபிட்டியப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டுபவர். புருஷன் இல்லை. ஸ்கூல் போகும் இரண்டு பெண் பிள்ளைகள்.

"மழை பெஞ்சு பட்டையெல்லாம் ஈரம் மிஸ். இப்ப வெட்டுனா பாலு ஒழுகி மண்ணுக்குத்தான் போகும், மரமும் புண்ணாயிரும்னு சொன்னேன். அம்புட்டுத்தான். எனக்கே பாடம் சொல்றியான்னு கத்தி, நாளையில இருந்து ஒனக்குப் பேர் இல்ல, போன்னுட்டாரு தொரை."

துரை என்றால் தோட்டத்து மேனேஜர். அங்கே பேர் போட்டால் அன்றைக்கு வேலை உண்டு. பேர் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் நாளைக்கு அந்த லயத்துக் காம்பராவும், தோட்டம் கொடுத்த அந்த ஒற்றை அறையும், இல்லை. அதற்குத்தான் அவர் பயந்தார். பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவார்? துரையிடமும் சங்கத்துத் தலைவரிடமும் பல மாதம் நடந்து, ஒன்றும் ஆகாமல், கடைசியில் எங்களிடம் வந்திருந்தார். லேபர் கோர்ட்டில் மனுப் போடுவதற்கான கெடு முடிய மூன்று வாரம்தான் பாக்கி.

மனுவில் 'எதிராளி' என்று ஓர் இடம். துரையின் பெயரைக் கேட்டேன். பாக்கியம் அக்கா கொஞ்சம் தயங்கினார்.

"தொரை மேல எதுக்கு மிஸ்? அவரு இன்னைக்கு இருப்பாரு, நாளைக்குப் போவாரு. தோட்டத்து மேல போடுங்களேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "தோட்டத்து மேல எல்லாம் கேஸ் போட ஏலாதுக்கா. ஒரு ஆள் பேர் வேணும்" என்றேன். சட்டம் படிக்கிற பிள்ளை அல்லவா!

நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். அப்பாவுக்கு பெக்டரியில் வேலை. சம்பளம் கொடுப்பது துரை, லீவு கொடுப்பது துரை, லயத்துக்குக் கூரைத் தகரம் கொடுப்பதும் துரை. துரைக்கு மேலே கடவுள்தான் என்று வளர்ந்தவளுக்கு, துரைக்கும் ஒரு முதலாளி இருப்பார் என்ற எண்ணமே வரவில்லை. துரையின் முழுப்பெயரை, இனிஷியல் தவறாமல், அழகாக டைப் அடித்தேன். அன்றைக்கு சேருக்குப் பெரிய வழக்கு. வாசலில் கார் நிற்க, கையில் கிடைத்த காகிதங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார். இதுவும் அந்தக் கட்டில் இருந்தது.

பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, பாக்கியம் அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். "மிஸ், அந்தத் தொரை மாத்தலாகிப் போயிட்டாரு! வேற கம்பெனியாம்!" எனக்கும் சந்தோஷம். பிளேன்டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். இரண்டு பேரும் கேஸே ஜெயித்த மாதிரி இருந்தோம்.

சனிக்கிழமை வகுப்பு. விரிவுரையாளர் வழக்கம்போல A, B, C என்று போர்டில் எழுதினார். "A-க்காகத்தான் B வேலை செய்கிறார் என்பது C-க்குத் தெரியும். அப்படியானால் பொறுப்பு A-உடையது. B தனிப்பட்ட முறையில் பொறுப்பாக மாட்டார்."

கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தேன். திடீரென்று கை நின்றுபோனது.

B தொப்பியும் அரைக்கால் சட்டையுமாக ரப்பர் மரத்தடியில் நின்று கத்திக்கொண்டிருந்தார். C கையில் பால் வாளியோடு நின்றார். ஐயோ... B மேல் அல்லவா நான் மனுப் போட்டிருக்கிறேன்! அந்த B-யும் போய்விட்டார். அவர் வேறு எங்கோ இருந்துகொண்டு, 'நான் முதலாளி இல்லையே' என்று ஒரு வரி எழுதினால் போதும். கெடு முடிந்தபின் புதிதாகப் போடவும் முடியாது. இரண்டு பிள்ளைகளும் அந்தக் காம்பராவும் என் டைப்ரைட்டரில் மாட்டிக்கொண்டிருந்தன. அன்றைக்கு மீதி வகுப்பில் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தோட்டத்துக்குப் போனேன். பாதை உள்ளே திரும்புகிற இடத்தில் பெரிய போர்டு. அதில் ஒரு கம்பெனியின் பெயர், இங்கிலீஷில். அப்பாடா என்று குறித்துக்கொண்டேன்.

பாக்கியம் அக்காவிடம் விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. தட்டுத் தடுமாறிச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல மிஸ்" என்றார், ஒரே ஒரு தரம். பிறகு என்னை அடுப்படியில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போய், பிள்ளைகளின் ஜாதகம் வைத்திருக்கும் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அதற்குள் சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எஃப். கடிதம். அதில் இருந்தது வேறொரு கம்பெனியின் பெயர்!

"போர்டுல வேற பேர் இருக்கேக்கா?"

"போர்டுல பேர் எழுதுறவனெல்லாம் மொதலாளியா? எனக்குச் சேமலாப நிதி கட்டுறவன்தானே மொதலாளி?"

பிறகு விசாரித்தபோது அப்படித்தான் இருந்தது. போர்டில் இருந்தது தோட்டத்தை நடத்திக்கொடுக்கும் பொறுப்பை மட்டும் ஏற்ற கம்பெனி. அதுவும் ஏஜென்ட்தான். பாக்கியம் அக்காவை வேலைக்கு வைத்திருந்தது கடிதத்தில் இருந்த கம்பெனி. நான் ஒரு வருஷம் படித்தும் பிடிபடாததை, அவர் ஈர விறகை ஊதிக்கொண்டே சொல்லிவிட்டார். கம்பெனி என்பது கண்ணுக்குத் தெரியாத ஓர் 'ஆள்', அதன் மேலும் கேஸ் போடலாம் என்ற மூன்றாம் பாகம் எனக்குப் புரிந்தது அந்த அடுப்படியில்தான்.

திங்கட்கிழமை. சேர் வருவதற்கு முன்பே அவர் மேசையில் மனுவின் பிரதியையும் கடிதத்தையும் வைத்துவிட்டு நின்றேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். நடந்ததை எல்லாம் சிங்களத்தில் கொட்டினேன். பாதியில் அழுதும்விட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மனுவின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"இது யாருடைய கையெழுத்து?"

"சேரோடது."

"அப்படியென்றால் யாருடைய பிழை?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"ஹரி" என்றார். சிங்களத்தில் 'சரி'. "திருத்த மனுவை டைப் அடியுங்கள். இந்தத் தடவை நான் வாசிப்பேன்."

கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது லேபர் கோர்ட்டில் நின்றோம். சேருக்குப் பின்னால் நான், எனக்குப் பக்கத்தில் பாக்கியம் அக்கா. கம்பெனி சார்பில் வந்த லோயர் எழுந்து, எதிராளியை இப்படி இஷ்டத்துக்கு மாற்ற விடக்கூடாது என்று ஆட்சேபித்தார். நீதிபதி இடத்தில் இருந்த கோர்ட்டுத் தலைவர் மனுவைப் புரட்டினார். அவர் நல்ல மனிதர். சேருக்கு வழிவிடுவதுபோல அவரே கேட்டார்: "டைப்பிங் பிழைதானே இது?"

'ஆமாம்' என்றால் போதும். டைப் அடித்தவள் நான். பிழையும் முழுக்க முழுக்க என்னுடையது. அவர் ஆமாம் என்றிருந்தால் அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இருந்திருக்காது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இல்லை" என்றார் சேர். "பிழை என்னுடையது. வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். என் கட்சிக்காரர் முதல் நாளே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்."

வழக்கு விவரம் சொல்லுமளவுக்குப் பேச வராவிட்டாலும், கேகாலைப் பக்கத்துத் தோட்ட ஆட்களுக்குச் சிங்களம் கேட்டால் விளங்கும். பாக்கியம் அக்காவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் விளங்கிவிட்டது. என் காதோரம் குனிந்து, பதறிப்போய்க் கேட்டார்:

"என்னா மிஸ், நம்ம லோயரு கோர்ட்டுல பொய் சொல்றாரு?"

"பொய் இல்லக்கா" என்றேன். "அதுதான் சட்டம்."

திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். கேஸ் ஏழெட்டுத் தவணை இழுத்தது. கடைசியில் கம்பெனியே இறங்கிவந்து பாக்கியம் அக்காவை மறுபடியும் வேலைக்கு எடுத்தது. அடுத்த வாரம் ஒரு பை நிறைய ரம்புட்டானோடு வந்தார். "இப்ப மழை பெஞ்சா புதுத் தொரையே ஆளனுப்பிக் கேக்குறாரு மிஸ், வெட்டலாமா வேணாமான்னு!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நானும் பரீட்சையில் பாஸ். 'ஏஜென்டின் பொறுப்பை உதாரணத்துடன் விளக்குக' என்று கேட்டிருந்தார்கள். மூன்றரைப் பக்கம் எழுதினேன். A, B, C யாருமே அதில் வரவில்லை.

சேருக்கு நன்றி சொல்ல ஒரு தடவை வாயெடுத்தேன். "அடுத்த ஃபைல் எங்கே?" என்றார். அதோடு சரி. அதனால் இங்கே சொல்கிறேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் சொல்கிறேன். சேர், நீங்கள் அன்றைக்கு எனக்காக நின்றீர்கள். இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் அவ்வளவு பெரிய மரியாதை கொடுத்ததில்லை. பாக்கியம் அக்கா, உங்களுக்கும் நன்றி. எனக்கு ஒழுங்காகச் சட்டம் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான்.

சரி, இன்ஷூரன்ஸ் கவுண்டருக்கு வருவோம். "கம்ப்யூட்டர்ல பிழை மிஸ்" என்றாரே, அவரிடம் கேட்டேன்: "அந்தக் கம்ப்யூட்டர் யாருக்காகங்க வேலை செய்யுது?"

அவர் கடிதத்தை மறுபடியும் கையில் எடுத்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது. "எங்களுக்காகத்தான்... எங்க பிழைதான் மிஸ். மன்னிச்சுக்கங்க" என்றார். எனக்கு உடனே உயிர் வந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே பஸ் ஏறிப் போனேன்?

கடைசியாக ஒன்று. இந்தப் பத்தியில் எங்காவது பிழை இருந்தால், தயவுசெய்து அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள்... கீழே இருக்கும் கையெழுத்து என்னுடையது.