மூட்டத்தின் பேரைச் சொல்லிக் குத்திய சேவல்

பெரியசாமியை நம்பி மலை ஏறி வந்திருக்கும் உங்களிடம் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் நல்ல எண்ணத்தோடு இந்தச் சாமியிடம் வந்தவள் இல்லை. ஒருத்தி நாசமாகப் போக வேண்டும் என்று வந்தவள்.

எனக்கு ஊர் இந்த மலையிலேயே குண்டனி நாடு. கல்யாணமான மறு வருஷத்தில் ஆரம்பித்தது. ஐப்பசி பிறந்து பனிமூட்டம் மலையில் உட்கார்ந்தால் நானும் உட்கார்ந்துவிடுவேன். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. அடுப்பு மூட்ட முடியாது, தலை வார முடியாது. பிள்ளை அழுவது காதில் விழும், கை எழாது. செத்தால் தேவலை என்று சுவரைப் பார்த்துக் கிடப்பேன். தை பிறந்து வெயில் வந்தால் எழுந்து ராகி அரைப்பேன். மருந்தும் கொடுத்தார்கள், மந்திரித்தும் கட்டினார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி பாப்பாயி. அவளுக்குப் பிள்ளை இல்லை. நான் படுத்த மாதங்களில் என் மகள் செல்லாயியை அவள்தான் வளர்த்தாள். சோறு போட்டாள், குளிப்பாட்டினாள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஊரெல்லாம் சொன்னதும் அவள்தான். நயா பைசா வந்ததற்கு மறு வருஷம், தை மாதம் நான் எழுந்து போய்ப் பிள்ளையைக் கேட்டேன். மூன்று வயதுப் பிள்ளை அவள் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவளை அம்மா என்றது.

"புள்ள எங்கிட்டயே இருக்கட்டும். அடுத்த ஐப்பசிக்கு நீ எப்படியும் படுக்கத்தான போற" என்றாள் பாப்பாயி. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

என் பிள்ளைக்கு ஆசைப்பட்டு எனக்குச் செய்வினை வைத்தவள் இவள்தான் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். வயிறு எரிந்தவர்கள் நம் மலையில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நேர்ந்து வளர்த்த சேவலைச் சாமி முன்னால் நிற்கும் வேலில் உயிரோடு குத்தி, கெடுத்தவர் பேரைச் சொல்வோம். மற்றதைச் சாமி பார்த்துக்கொள்ளும். பொய்ப் பேர் சொன்னால் சொன்னவர் மேலேயே திரும்பும். ஆடியில் ஒரு கறுப்புச் சேவல் குஞ்சைப் பிடித்தேன். நேர்ந்தவள் கையால்தான் அதற்குத் தீனி போட வேண்டும், நோஞ்சானாகவும் கொண்டுபோகக் கூடாது.

ஐப்பசி வந்தது. மூட்டம் வாசலை மறைத்தது. என் கைகால் வழக்கம்போல் விழுந்தன. ஆனால் சேவல் செத்தால் பாப்பாயி தப்பித்துவிடுவாளே. பிள்ளை அழுதும் எழாதவள், பகைக்காக எழுந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஈரத்தில் சேவல் குறுகிப்போயிருந்தது. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊருக்கு மேலே இருக்கும் பாறைக்கு ஏறினேன். அங்கே மூட்டம் காலுக்குக் கீழே கிடந்தது. மேலே வெயில். தினமும் போனேன். பாப்பாயிக்குக் கண் அவிய வேண்டும், வாய் கோண வேண்டும் என்று வேண்டிக்கொண்டே சாமை இறைத்தேன். பத்துப் பதினைந்து நாளில் தலை வாரினேன். ஒருநாள் சாபத்துக்கு நடுவிலேயே பசித்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சேவலைப் பார்க்கச் செல்லாயியும் என் பின்னால் ஏறி வர ஆரம்பித்தாள். தீனி போடக் கேட்டாள். கை மாறினால் நேர்த்தி கெட்டுவிடும் என்று கொடுக்கவில்லை, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். மூட்டம் பாறையையும் மூடிய நாட்களில் சேவல் இறக்கையைத் தொங்கவிடும், கூவாது. நானும் பேச்சில்லாமல் கிடப்பேன்.

மார்கழி அமாவாசைக்குக் கூடையோடு வந்தேன். பூசாரி சேவலை வாங்கி வேலுக்கு நேரே பிடித்தார்.

"ஆரு மேலன்னு பேரைச் சொல்லு கண்ணு" என்றார்.

பேர் நாக்கு நுனியில் நின்றது. அப்போது பார்த்து ஒன்று ஞாபகம் வந்தது. செல்லாயி பிறப்பதற்கு முந்தின வருஷம் பாப்பாயி ஊரிலேயே இல்லை. அவள் அம்மாவுக்கு முடியவில்லை என்று ஐப்பசிக்கு முன்னாலேயே எடப்புளி நாட்டுக்குப் போய்த் தை வரைக்கும் அங்கேயே இருந்தாள். அந்த வருஷமும் நான் படுத்தேன். அதுபோகட்டும், மூட்டத்தில் என்னைப் போலவே சுருண்ட இந்தச் சேவலுக்கு அவளா செய்வினை வைத்தாள்? என் பிள்ளையை என்னிடமிருந்து பறித்தது யார் என்று சாமி அந்த இடத்தில் காட்டிக்கொடுத்தார்.

"மூட்டத்து மேலைங்க" என்றேன்.

பூசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். மூட்டத்தின் மேல் யாரும் குத்தியதில்லையே என்றார்.

"ஐப்பசியில வந்து தையில போவுதுங்க. எம் புள்ளைய எடுத்துக்கிச்சுங்க. அது மேலதான் குத்தோணும்."

சேவல் வேலில் இறங்கியது. நான் கண்ணை மூடவில்லை.

அந்தத் தையில் செல்லாயி தானாக வந்து என் பாயில் படுத்தாள். பாப்பாயியை மன்னித்துவிட்டாயா என்று கேட்காதீர்கள். அவள் சொன்ன சொல்லுக்குத் தனியாக ஒரு சேவல் வளர்க்கலாமா என்று இன்னும் சில நாள் தோன்றும்.

மூட்டம் சாகவில்லை. வருஷம் தவறாமல் என்னைத் தேடி வாசலுக்கு வருகிறது. நான் அங்கே இருப்பதில்லை. பாறை மேல் வெயிலில், அதன் தலையை மிதித்துக்கொண்டு நிற்கிறேன். உங்களில் யாராவது ஐப்பசியில் சுவரைப் பார்த்துக் கிடந்தால், சாமியை நம்பி ஆடியிலேயே ஒரு குஞ்சு பிடியுங்கள். உங்கள் கையால் வளருங்கள். யார் பேரைச் சொல்வது என்பதை அவர் வேலுக்கு முன்னால் நிறுத்திச் சொல்லிக்கொடுப்பார்.

இந்த வருஷமும் மூட்டம் வந்துவிட்டது. சேவல் கூடையில் இருக்கிறது. மூட்டத்தின் பேரைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.