ஒரு முழத் தூண்டில்

யுத்த காலத்தில், அடையாறு பாலத்தில் ஒரு வெள்ளைக்காரன் தினமும் ஒரு முழக் குச்சியில் நூல் கட்டி ஆற்றில் இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தான். ஆழம் அளக்கும் ஒற்றன் என்றே நினைத்தேன்.

விசாரித்தால், மீன் பிடிக்கிறானாம். கனடாவில் அவன் ஊர் ஏரி குளிர்காலத்தில் பாறையாக உறைந்துவிடுமாம். அதன்மேல் உட்கார்ந்து, துளை போட்டு, வால்ஐ என்றொரு மீனைக் காலடியிலேயே பிடிப்பார்களாம். அதற்கு நீளக் கோல் எதற்கு என்றான்.

ஏரிமேல் உட்காருவதாவது? நேராகப் போய்க் கான்ஸ்டபிளிடம் சொல்லிவிட்டு, அவர் வருமுன்பே பாலத்துக்குத் திரும்பி வேடிக்கை பார்ப்பவன்போல் நின்றேன்.

"தொரை, கோச்சுக்காதீங்க. ஸ்டேசனாண்ட ஒருவாட்டி வந்துட்டுப் போங்க" என்றார் அவர்.

புகார் சொன்னவன் நான்தான் என்று அறியாமல், வெள்ளைக்காரன் தான் வரும்வரை பிடித்திருக்கச் சொல்லித் தூண்டிலை என்னிடமே கொடுத்துப் போனான். அவர்கள் பாலம் தாண்டுமுன் நூல் வெடுக்கென்று இழுத்தது. தூக்கினால், துள்ளும் கெளுத்தி.

கூப்பிடும் தூரம்தான். நான் கூப்பிடவில்லை. சந்தேகப்பட்டதைவிட அதுதான் இன்றும் உறுத்துகிறது.