சாக்குக்குள் கிடந்த ஃபாதரின் கட்டு

இடி விழுந்து எங்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கி எரிந்ததே, அதற்கு அடுத்த கிழமைதான் இது நடந்தது. இடியில் கூரை ஓடும் உடைந்துவிட்டது. வேலைக்காக, மேலே பல வருஷமாக மறந்து கிடந்த சாக்கை இறக்கினார்கள். கிழிந்த குர்ஆன் தாளை நாங்கள் குப்பையில் போடமாட்டோம். சாக்கில் சேர்த்து, நிறைந்ததும் கல்லைக் கட்டித் தோணியில் கொண்டுபோய் ஆழக்கடலில் இறக்குவோம்.

அந்தச் சாக்குக்குள் ஒரு கட்டு இருந்தது. மௌலவி பிரித்துப் பார்த்தார்.

“இது அறபு இல்ல. யஹூதிகள்ட எழுத்து. யூதனுகள்ட ஹீப்ரு.”

பள்ளி மரைக்கார் என் மனைவியின் தம்பி. நிர்வாகம் முழுக்க அவர் கையில். வளவு அதிரக் கத்தினார்.

“எந்த மடையன் இத இதுக்குள்ள வச்ச?”

“நான்தான்,” என்றேன்.

நான் படித்தவனில்லை, தமிழ்கூட வாசிக்க வராது. ஓதப் போகச் சொன்ன நாட்களில் மாடு மேய்த்தேன். அறபில் அலிஃப், பே என்ற முதல் இரண்டு எழுத்துத் தெரியும், அதற்கு மேலே இல்லை. கல்முனையில் சேர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு ஃபாதர் இருந்தார். வெளிநாட்டில் கத்தோலிக்கர்களின் பெரிய பல்கலைக்கழகத்துக்குத் தலைவராக இருந்துவிட்டு, வயது போனபின் ஊருக்குத் திரும்பி வந்தவர். அவருடைய தென்னந்தோட்டத்தை நான்தான் பார்த்துக்கொண்டேன். பொல்லாத மனிதர். இளநி சீவிக் கொடுத்தால், வழுக்கை தடிப்பு என்று ஏசுவார். காலையில் மேசையில் இருந்து எழுதுவார். கை வலப்பக்கமிருந்து இடப்பக்கம் போகும்.

“ஃபாதர், இது எங்கட எழுத்தா?”

“அதுக்குச் சொந்தக்கார எழுத்து,” என்றார்.

போதாதா எனக்கு? ஃபாதர் எங்கள் ஓதல் படிக்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அது அவர் காதுக்கும் போனது. சிரித்தார், திருத்தவில்லை. இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குப் பற்றி எரிகிறது.

கடல் ஊருக்குள் வந்தபோது ஃபாதர் தப்பினார், வீடு தப்பவில்லை. நனைந்த தாள்களை வேலிக் கம்பியில் காயப்போட்டவன் நான். அடுத்த மாரிக்குள் அவர் மௌத்தாகி, அடக்கமும் முடிந்தது. மட்டக்களப்பிலிருந்து அவருடைய அக்காவின் மகள், பள்ளிக்கூட ரீச்சர், வந்து தாள்களைக் கொண்டுபோனா. வலமிருந்து எழுதிய தாள்களை மட்டும் நான் கொடுக்கவில்லை. எங்கள் எழுத்தை அங்கே அடுப்பில் போட்டுவிடுவார்களோ என்று பயம். மரியாதையாகக் கட்டிச் சாக்கில் வைத்தேன்.

“தெரியாட்டி தெரிஞ்சவனிட்ட கேக்கணும் மச்சான்,” என்றார் மரைக்கார். “அங்க இந்த எழுத்துக்காரனுகள் பிள்ளைகள குண்டு போட்டுக் கொல்லுறானுகள். நீங்க குர்ஆனோட இதப் படுக்க வச்சிரிக்கீங்க!”

“அந்தப் பிள்ளைகளப் பாத்து நானும் சோறு தின்னாம இரிந்தவன்தான். இத எழுதினது குண்டு போடுறவன் இல்ல. ஃபாதர்.”

மௌலவி தாளைத் திருப்பினார். பின்பக்கம் ஃபாதரின் கையால் தமிழ். வாசித்தார். யூதப் பிள்ளைகளின் பெயர், தகப்பன் பெயர், ஊர். ஒவ்வொன்றுக்கும் முடிவில் ‘இடம் கொடுக்கவில்லை’. யூதர் என்பதற்காகவே ஃபாதரின் பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் வாசலோடு திருப்பி அனுப்பிய பிள்ளைகளாம். கடைசித் தாளில், ‘மூலப் பட்டியலை அழித்துவிட்டார்கள். அவரவர் பெயரை அவரவர் எழுத்தில் எழுதி வைக்கிறேன்’ என்று இருந்தது.

மௌலவி தாளை மடித்தார். மரைக்கார் அடங்கவில்லை.

“ஃபாதர்ட ஆக்களே வேணாமெண்டு அழிச்சத நாம ஏன் காக்கணும்? வச்ச கையாலயே கொளுத்துங்க. கூரை முடியிறதுக்குள்ள. இல்லாட்டி நீங்க மௌத்தானா உங்கட மையத்தத் தூக்கப் பள்ளிச் சந்தூக்குப் பெட்டி வராது.”

“பாயில சுத்தித் தூக்குவானுகள் என்ட மகனுகள். போடாப்பா!”

கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது நெல் பெட்டிக்குள் இருக்கிறது. மனைவி தம்பிக்காக என்னோடு கதைப்பதில்லை. தேத்தண்ணிக் கடையில் நான் இருந்தால் பக்கத்து வாங்கில் இருக்கிறவன் எழும்பிப் போவான். கிடக்கட்டும். ஃபாதர் அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் எல்லாத் தாளையும் ரீச்சரிடமே கொடுத்திருப்பேன்.

கூரையில் இன்னும் ஒரு பக்கம்தான் ஓடு போடக் கிடக்கிறது. என் முழங்கால் பஸ் ஏறவிடாது. நீங்கள் மட்டக்களப்புக்குப் போகிறவர். ரீச்சரைத் தேடிப் பிடித்துச் சொல்லுங்கள்: மிச்சத் தாள் என்னிடம் இருக்கிறது, கெதியாக வரட்டும். அவவே வரவேண்டும். ஆள் அனுப்பினால் கொடுக்கமாட்டேன், அதையும் சொல்லுங்கள்.