துலா இடியும் விடாப்பிடி டிஸ்க்கும்

துலா மாதத்தில், அதுதான் ஐப்பசியில், எங்கள் கொல்லயில் ஊர்ப் பக்கம் மதியத்துக்குமேல் வானம் இருண்டால், கொடியில் கிடக்கும் துணி நனைந்தாலும் சரி, முதலில் பிளக்குகளைத்தான் பிடுங்குவோம். போன வருட இடியில் டிவியும் மோட்டாரும் ஒன்றாகப் போனதிலிருந்து அந்தப் பிளக் பிடுங்கும் படைக்கு என் மனைவிதான் தளபதி. அன்றும் மலைப்பக்கம் முதல் உறுமல் கேட்டதுமே அடுக்களையில் தொடங்கிவிட்டாள். மிக்சி, ஃப்ரிட்ஜ், டிவி. அடுத்தது என் கம்ப்யூட்டர்.

அதில் அக்காவின் ஹார்ட் டிஸ்க் மாட்டியிருந்தது. அத்தான் இறந்து ஓராண்டு ஆகவில்லை. அவர் பேசிச் சிரிக்கும் வீடியோக்கள் அதில் மட்டும்தான் இருந்தன. இன்னொரு பிரதி எடுத்துத் தரச் சொல்லி அக்கா அமரவிளையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். கம்ப்யூட்டர் தெரிந்த தம்பி என்று ஒருவனை நம்பினால் இதுதான் கதி. காலையிலிருந்து ஒன்றைக்கூட நான் பிரதி எடுத்திருக்கவில்லை.

அக்கா பின்னால் வந்து நின்றாள்.

“எலே, இடி வருது. அதக் கழத்திக் கையில தா.”

பாதுகாப்பாக வெளியேற்றச் சொல்லி அழுத்தினேன். டிஸ்க் பயன்பாட்டில் இருக்கிறது, பிறகு முயலவும் என்றது. பிறகு என்றால், எரிந்த பிறகா?

திறந்திருந்ததை எல்லாம் மூடினேன். மறுபடி அழுத்தினேன். அதே பதில். சும்மா உருவிவிடலாம்தான். ஆனால் அப்படி உருவிய என் பென்டிரைவ் ஒன்று அதன்பிறகு வாயே திறக்கவில்லை. கம்ப்யூட்டரை அணைக்கலாமென்றால், அது அணைவதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும்.

ஜன்னலில் வெள்ளையாய் ஒரு வெட்டு. மனைவி பிளக்கை உருவக் கை வைத்துவிட்டாள்.

“இஞ்ச பாருங்க, ஊரட்டா?”

“ஊராத! டிஸ்க்கு போயிரும்!”

“இடி விழுந்தா டிஸ்க்கும் போவும், நீங்களும் போவீங்க.”

அக்கா என் தோளைப் பிடித்தாள்.

“மக்கா, அவரு சத்தம் எனக்கு அதுல மாத்திரந்தான் உண்டு. பாத்துச் செய்யி.”

அப்போதுதான் நினைவு வந்தது. அக்கா சாயா கொண்டுவந்தபோது அவசரமாகத் திரைக்கு அடியில் இறக்கி ஒளித்துவைத்த ஒரு வீடியோ இன்னும் திறந்தே இருந்தது. அவள் மகள் கல்யாணத்தில் நான் ஆடிய ஆட்டம். காலை முழுக்க அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக ஆடியதாகவே அதுவரை நம்பியிருந்தேன்.

வேறு வழியில்லை, மேலே கொண்டுவந்தேன். பதற்றத்தில் மூடுவதற்குப் பதிலாக ஓடவிட்டுவிட்டேன். திரையில் நான் பந்தல் தூணைக் கட்டிக்கொண்டு இடுப்பை ஆட்ட, கேமராவுக்குப் பின்னாலிருந்து அத்தானின் குரல் வந்தது.

“எலே மச்சினா, தூணு பாவமாக்கும்! அத விட்டுட்டு ஆடுலே!”

பிறகு அவருடைய சிரிப்பு. இருமலில் போய் முடியும் அதே சிரிப்பு.

என் விரல் மவுசுக்குப் போனது.

“நிறுத்தாத,” என்றாள் அக்கா.

“மைனி, இடி...” என்ற மனைவி, பிளக்கைப் பிடித்தபடியே திரையைப் பார்த்தாள். மறுபடி ஒரு வெட்டு. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குமுன்னே முழக்கம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“போதும், அடச்சிரு,” என்றாள்.

மூடினேன். அழுத்தினேன். இப்போது எடுக்கலாம் என்றது. நான் டிஸ்க்கை எடுக்க, மனைவி பிளக்கை உருவ, வீடே அதிரும்படி ஓர் இடி தென்னந்தோப்புப் பக்கம் இறங்கியது. கரண்டும் போனது.

இருட்டில் அக்கா டிஸ்க்கை முந்தானைக்குள் பொதிந்துகொண்டாள்.

“கரண்டு வந்தா முதல்ல காப்பி எடு. பெறவு அந்தத் தூணு ஆட்டத்த மறுபடி ஒருக்கக்கூடப் போடு.”

“எனக்கும் பாக்கணும்,” என்றாள் மனைவி, “முழுசாட்டாக்கும்.”